தோற்றவர்களுக்குள் சண்டை

தேர்தலில் ஜயித்தவர்களுக்கு மறுநாள் காலையில் ஆயிரம் வேலை காத்திருக்கிறது. மாலை வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு எந்தப் பதவி என்று யோசிக்க வேண்டும். தோற்றவர்களுக்கோ ஒரே ஒரு வேலைதான். யாரால் தோற்றோம் என்று கண்டுபிடிக்கும் வேலை அது. அந்த வேலையை அவர்கள் வெகு சுறுசுறுப்பாகச் செய்வதை நாம் பல முறை பார்த்திருக்கிறோம். தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க ஆள் கிடைக்காமல் திண்டாடிய கட்சிக்குக் கூட, தேர்தலுக்குப் பின்னால் காரணம் சொல்ல ஆள் பஞ்சம் ஏற்படுவதில்லை!

இந்த வியாதி எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு. ஆனால் இடதுசாரி எண்ணம் கொண்டவர்களை அது சற்றுக் கடுமையாகவே பீடிக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தலைவரின் முகத்துக்காக ஓட்டுப் போடுகிறவர், தலைவர் தோற்றால், "காலம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவார். இடதுசாரி வாக்காளர் அப்படிப் போக முடியாது. அரசியல் என்பது அதிர்ஷ்டம் அல்ல, ஆராய்ந்து அறிய வேண்டிய விஷயம் என்று நம்புகிறவர் அவர். ஆகவே தோல்வி அவருக்கு வெறும் துக்கம் மட்டுமல்ல. எங்கேயோ யாரோ தப்பாக ஆராய்ந்துவிட்டார்கள் என்பதற்கு அத்தாட்சியாகவும் ஆகிவிடுகிறது. அந்த 'யாரோ' பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவராகவே இருப்பார்.

திருச்சிராப்பள்ளியில் இத்தகைய வாக்காளர்கள் ஏராளம். இவர்களில் கட்சி அங்கத்தினர்கள் சிலர்தான். மற்றவர்கள் ரயில்வேயிலும், திருவெறும்பூர்ப் பெரிய தொழிற்சாலையிலும், வங்கிகளிலும், இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும், பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறவர்கள். அல்லது வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சங்கத்தின் சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவர்கள். மத்தியான இடைவேளையில் இவர்கள் பேசுவதைக் கேட்டால், பழைய தேர்தல்கள் எல்லாம் நேற்று நடந்தவை போலத் தோன்றும். இவர்களுக்குள் தேர்தலுக்குப் பிறகு நேரும் மனஸ்தாபத்தைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் எழுத நினைக்கிறோம்.

ஸ்ரீரங்கத்தில் 1,552

2015ஆம் வருஷம் பிப்ரவரி 13ஆம் தேதி ஸ்ரீரங்கம் சட்டசபைத் தொகுதியில் உபதேர்தல் நடந்தது. தொகுதியின் அங்கத்தினராகவும் முதலமைச்சராகவும் இருந்த ஜெயலலிதா, 2014 செப்டம்பரில் பெங்களூர் தனி நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் பதவியை இழந்ததன் விளைவு அது. அ.தி.மு.க. அபேக்ஷகர் வளர்மதிக்கு 1,51,561 ஓட்டுகள் விழுந்தன. தி.மு.க. அபேக்ஷகர் ஆனந்துக்கு 55,045. பாரதிய ஜனதாவுக்கு 5,015. இடதுசாரிகளின் சார்பில் நின்ற மார்க்சிஸ்டு அபேக்ஷகர் அண்ணாதுரைக்கு 1,552.

இரண்டு லக்ஷத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டளித்த தொகுதியில் 1,552 பேர்! இந்த எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை விதமாகப் பேசலாமோ அத்தனை விதமாகவும் பேசினார்கள். "நிற்காமலே இருந்திருக்கலாம்" என்றார் ஒருவர். "நின்றதனால்தான் நம் கொடி ஒன்று உண்டு என்று தெரிந்தது" என்றார் இன்னொருவர். "பெரிய கட்சி ஒன்றோடு சேர்ந்தால்தான் கதி" என்று ஒரு கட்சி. "சேர்ந்து சேர்ந்துதான் இந்தக் கதிக்கு வந்தோம்" என்று எதிர்க் கட்சி. இத்தனைக்கும் இவர்கள் எல்லோரும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

அடுத்த வருஷம் பெரிய பரீட்சை வந்தது. 2016 சட்டசபைத் தேர்தலில் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும், ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள் ஆகியவற்றுடன் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணி என்று அமைத்தன. பிறகு தே.மு.தி.க.வும், த.மா.கா.வும் அதோடு கை கோத்தன. மே மாதம் 19ஆம் தேதி முடிவு தெரிந்தபோது அந்த அணிக்கு ஓர் இடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 ஓட்டுகளில் வெற்றியை இழந்தார். 1952இலிருந்து அதுவரையில் கம்யூனிஸ்டு அங்கத்தினர் ஒருவரேனும் இல்லாத சட்டசபை தமிழ்நாட்டில் இருந்ததில்லை. 2016இல் அதுவும் நேர்ந்தது. அ.தி.மு.க. அணிக்கும் தி.மு.க. அணிக்கும் இருந்த வித்தியாசமோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான். "மூன்றாவது அணி குறுக்கே நின்றிராவிட்டால்…" என்று ஆரம்பமாகாத சம்பாஷணையே அந்தக் கோடைக்காலத்தில் கிடையாது.

ஒரு வீட்டில் நடந்தது

திருவானைக்காவலில் நாம் அறிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. பெரியவர் பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி மகன் வங்கி உத்தியோகஸ்தர். அரசியலைப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவரே பெரியப்பாதான். 2016இல் பெரியவர் மூன்றாவது அணிக்கு ஓட்டுப் போட்டார். பிள்ளையாண்டான் தி.மு.க. அணிக்குப் போட்டான். முடிவு வெளியான அன்று சாயங்காலம் கூடத்தில் பேச்சு மூண்டது.

"இரண்டு பெரிய கட்சிகளுக்கும் மாறி மாறிப் பல்லக்குத் தூக்கி என்ன கண்டோம்? ஒரு தடவையாவது சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?" என்றார் பெரியவர்.

"நின்றோம், பெரியப்பா. நின்ற இடத்தில்தான் தரை இல்லை" என்றான் அவன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னைப் போன்றவர்கள் விலை போனதனால்தான் தரை இல்லாமல் போயிற்று" என்று சொல்லிவிட்டார். 'விலை போனது' என்ற வார்த்தை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் யாரையும் பார்த்துச் சொன்னதல்ல. பையன் எழுந்து போனான். மூன்று மாதத்துக்கு மேல் பேச்சு வார்த்தை இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கூட நடுவில் ஒரு குழந்தை தூது போகவேண்டி வந்தது.

அந்த வீட்டுப் பெரியம்மாள் அரசியல் கூட்டம் எதற்கும் போனவர் அல்ல. அந்த அம்மாள் ஒரு நாள் சொன்னாராம்: "ஜயித்தவனும் தோற்றவனும் சண்டை போட்டால் அர்த்தம் உண்டு. தோற்றவனும் தோற்றவனும் சண்டை போட்டு யார் ஜயிக்கப் போகிறீர்கள்?"

அவ்வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி, மத்தியத் தொழிற்சங்கங்கள் தேசமெங்கும் பொது வேலைநிறுத்தம் நடத்தின. வங்கி ஊழியர்களும் அதில் கலந்துகொண்டார்கள். ஊர்வலத்தில் பையன் கோஷம் கொடுக்கிற முறை வந்தது. ஓய்வு பெற்றவர்களின் வரிசையில் பெரியவர் நின்றிருந்தார். கோஷம் என்றால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவன் சொன்னான், அவர் திருப்பிச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் பேசி அவர் பதில் சொன்னது அப்பொழுதுதான். இருவருடைய அபிப்பிராயமும் அன்றும் மாறவில்லை, பின்னரும் மாறவில்லை. ஆனால் வீட்டில் குழந்தையின் தூது உத்தியோகம் ரத்தாகிவிட்டது.

பொன்மலைச் சங்கம்

இந்தச் சண்டையும் இந்தச் சமாதானமும் திருச்சிக்குப் புதியவை அல்ல. இவை இரண்டுக்கும் இவ்வூரில் நீண்ட சரித்திரம் உண்டு.

தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது ஆட்குறைப்பு என்ற பெரிய ஆபத்தும் கூடவே வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். பதினெட்டு வருஷம் கழித்து, 1946 ஆகஸ்டில், மறுபடியும் பெரிய வேலைநிறுத்தம். செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். ஐந்து தொழிலாளிகள் உயிர் நீத்தார்கள். அந்த நாளை வருஷந்தோறும் தொழிற்சங்கத்தினர் நினைவுகூர்ந்து வந்திருக்கிறார்கள்.

அந்நாளைய ரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தில் முன்னின்ற இருவரின் பெயர்களை இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் கே. ஆனந்த நம்பியார். மற்றவர் எம். கல்யாணசுந்தரம். இருவரும் ஒரே இயக்கத்தில், ஒரே கட்சியில் வேலை செய்தவர்கள். 1952 தேர்தலில் நம்பியார் மாயூரத்திலிருந்து பார்லிமெண்டுக்கும், கல்யாணசுந்தரம் திருச்சியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கும் சென்றார்கள். தெலுங்குப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த அந்தச் சட்டசபையின் 375 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு 62 கிடைத்தது. 1957இல், மொழிவாரி ராஜ்யம் பிரிந்த பிறகு, அது 4 ஆயிற்று, 1962இல் 2. ஆனால் அதே 1962இல் நம்பியார் திருச்சியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வருஷக் கடைசியில் சீன யுத்தம் வந்தது. காங்கிரஸ் சர்க்காரை ஆதரிப்பதா, எதிர்ப்பதா, ரஷ்யாவின் வழியா, சீனாவின் வழியா என்று கட்சிக்குள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த விவாதம் ஜுவாலை விட்டது. 1964 ஏப்ரல் 11ஆம் தேதி தேசியக் கவுன்ஸிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். பி. ராமமூர்த்தி, எம். ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா ஆகியோர் அவர்களில் அடக்கம். வருஷ முடிவுக்குள் கட்சி இரண்டாகிவிட்டது. ஜனங்கள் 'வலது கம்யூனிஸ்டு' என்றும் 'இடது கம்யூனிஸ்டு' என்றும் பெயர் வைத்தார்கள். நம்பியார் இடதுக்குப் போனார். கல்யாணசுந்தரம் வலதில் இருந்தார்.

அந்தப் பிளவின் கசப்பை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். 1964 டிசம்பரில் இடது கம்யூனிஸ்டுகள் தேசமெங்கும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். நம்பியாரும், புதுக்கோட்டை அங்கத்தினர் ஆர். உமாநாத்தும் பார்லிமெண்டு அங்கத்தினர்களாக இருந்துகொண்டே காவலில் இருந்தார்கள். சபைக்குப் போகத் தங்களுக்கு உரிமை உண்டு என்று இருவரும் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று வாதாடினார்கள். காவலில் உள்ள அங்கத்தினருக்கு அப்படித் தனி உரிமை கிடையாது என்று 1965இல் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஒரே சங்கத்தில் இருந்தவர்களில் ஒரு சாரார் சிறைக்குள்ளும் மற்றொரு சாரார் வெளியிலும் இருந்தால், வெளியில் இருப்பவரைப் பற்றி உள்ளே இருப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்கு தேர்தல், இரண்டு கட்சி

இனித் திருச்சி வாக்காளர் செய்ததைப் பாருங்கள். 1967இல் தி.மு.க.வுடன் சேர்ந்து நின்ற மார்க்சிஸ்டு நம்பியாரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1971இல் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் அணியில் நின்ற வலது கம்யூனிஸ்டு கல்யாணசுந்தரத்தை அனுப்பினார்கள். 1977இல் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். 1962ஐயும் சேர்த்தால், தொடர்ந்து நான்கு பொதுத் தேர்தல்களில் இத்தொகுதி கம்யூனிஸ்டு ஒருவரையே தேர்ந்தெடுத்திருக்கிறது. கட்சிதான் இரண்டு!

தலைவர்களும் ஊழியர்களும் ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டணி எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்துக்கு ஓட்டுகளும் சாய்ந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இரண்டு பேரும் தொழிலாளி பக்கத்து மனிதர்கள் என்பதற்கு மேல் ஆராய்ச்சி செய்யாமல் ஓட்டுப் போட்டவர்களும் பொன்மலையில் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சித்தாந்தம் தெரியாது என்று சிலர் சொல்லலாம். நமக்கு என்னவோ, அவர்களுக்கு விகிதாசாரம் தெரிந்திருந்தது என்று தோன்றுகிறது. எந்த வேற்றுமை எவ்வளவு பெரிது என்று அறிவதும் ஓர் அறிவுதானே?

கூட்டணி விஷயத்தில் யார் சொன்னது சரி என்று பார்க்க, சட்டசபைக் கணக்கையும் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். நாம் உபாத்தியாயர், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 1967இல் மார்க்சிஸ்டுகள் தி.மு.க.வுடன் சேர்ந்து 11 இடம் பெற்றார்கள். தனியே நின்ற வலது கட்சிக்கு 2. 1971இல் தலைகீழ்: தி.மு.க.வுடன் சேர்ந்த வலது கட்சிக்கு 8. தனியே நின்ற மார்க்சிஸ்டுகளுக்குப் பூஜ்யம். 1977இல் மார்க்சிஸ்டுகள் அ.தி.மு.க.வுடன், 12, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி காங்கிரஸுடன், 5. 1989இல் மார்க்சிஸ்டுகள் தி.மு.க. பக்கம் நின்று 15 இடம் பெற்றார்கள். பொன்மலையில் வளர்ந்த பாப்பா உமாநாத் திருவெறும்பூரில் ஜயித்தது அவ்வருஷந்தான். எதிரணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 3. 1996இல் தி.மு.க.வுடன் சென்ற இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு 8; ம.தி.மு.க.வுடன் சென்ற மார்க்சிஸ்டுகளுக்கு 1. 2016இல் இருவரும் மூன்றாவது அணியில், இருவருக்கும் பூஜ்யம். 2019 பார்லிமெண்டுத் தேர்தலில் இருவரும் தி.மு.க. அணியில், ஆளுக்கு இரண்டு இடம்.

இந்தக் கணக்கிலிருந்து பெரிய கட்சியோடு சேர்ந்தால் இடம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லலாம். அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு முறையும் சொந்த பலம் எவ்வளவு என்பதே தெரியாமல் போயிற்று என்று மற்றவர் சொல்லலாம். இரண்டும் வாஸ்தவந்தான். ஆனால் இதிலிருந்து தெரிகிற இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. "தனியே நில்" என்ற வாதத்தையும், "சேர்ந்து நில்" என்ற வாதத்தையும், ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு சமயத்தில் பேசியிருக்கிறது. 1967இல் தனியே நின்றவர் 1971இல் சேர்ந்து நின்றார்; அப்போது சேர்ந்து நின்றவர் இப்போது தனியே நின்றார். அப்படியிருக்க, இன்றைக்கு எதிர்வாதம் பேசுகிறவரைத் துரோகி என்று சொல்லுமுன், நேற்று அதே வாதத்தை நம்மில் யார் பேசினார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய மனஸ்தாபமும் ஆறியிருக்கிறது. 1975இல் அவசரநிலைப் பிரகடனம் வந்தபோது மார்க்சிஸ்டுகள் அதை எதிர்த்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரித்தது. இது இடங்களைப் பற்றிய கணக்கு அல்ல. ஜனங்களின் சுதந்திரத்தைப் பற்றிய விஷயம். ஆதரித்தது தவறு என்று 1978இல் பட்டிண்டா நகரில் கூடிய தன் மகாநாட்டில் அக்கட்சியே ஒப்புக்கொண்டது. இரண்டே வருஷத்தில், 1980 சட்டசபைத் தேர்தலில், தமிழ்நாட்டில் இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. தவறு என்று கண்டதை மூடி மறைக்காமல், மகாநாடு கூட்டி விவாதித்து, தீர்மானமாக எழுதியதனால்தான் அது சாத்தியமாயிற்று என்று நாம் நினைக்கிறோம். ஒற்றுமைக்காக வாய் மூடியிருப்பது ஒற்றுமை ஆகாது. அது அடுத்த சண்டைக்குப் பணம் சேர்த்து வைப்பது போலத்தான்.

ஜெர்மனி கண்ட பலன்

ஆறாத மனஸ்தாபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. 1932 நவம்பரில் ஜெர்மனியில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 196 இடம். சோஷல் டெமாக்ரட்டுகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. இருவரும் சேர்ந்தால் 221. பெரும்பான்மைக்கு அது போதாது. சேர்ந்தே இருந்தாலும் ஹிட்லரைத் தடுத்திருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சேரும் பேச்சே எழ இடமில்லாதபடி, கம்யூனிஸ்டுகள் மற்றவர்களை 'சோஷல் பாஸிஸ்டுகள்' என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே ரகந்தான் என்று அவர்கள் பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பதவி ஏற்றான். கோடைக்காலம் முடிவதற்குள் இரண்டு கட்சிகளும் ஒழிக்கப்பட்டன. டாஹாவ் சிறைமுகாமில் இரு கட்சிக்காரர்களும் ஒரே முள்வேலிக்குள் அடைபட்டார்கள். யார் பேரில் தவறு என்று விவாதிக்க அங்கே அவகாசம் நிறைய இருந்தது, பயன்தான் இல்லை.

பதினெட்டு பேதங்கள்

தூர தேசத்து உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்கு, ஸ்ரீரங்கத்திலேயே ஒன்று உண்டு. வடகலை, தென்கலை என்ற பிரிவை அறியாத வீடு அங்கே கிடையாது. பகவானின் அருளைப் பெறுவதில் ஜீவனுக்கு முயற்சி உண்டா, இல்லையா என்பது ஆதாரமான கேள்வி. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல என்று ஒரு சாரார். தாய்ப் பூனை குட்டியைக் கவ்விச் செல்வது போல என்று மற்றொரு சாரார். பேதங்களைப் பெரியோர்கள் எண்ணி, பதினெட்டு என்று எழுதியும் வைத்தார்கள்.

14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படைகள் ஸ்ரீரங்கத்தைத் தாக்கின. அப்பொழுது பிள்ளை லோகாசாரியர் உத்ஸவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார் என்றும், வேதாந்த தேசிகர் அரிய சுவடி ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு போனார் என்றும் சம்பிரதாய வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் தென்கலையார் முன்னவரையும் வடகலையார் பின்னவரையும் தங்கள் ஆசாரியராகக் கொண்டாடினார்கள். ஆபத்து வந்த காலத்தில் ஒருவர் மூர்த்தியைக் காத்தார். மற்றவர் நூலைக் காத்தார். பல நூற்றாண்டு கழித்து, காஞ்சீபுரத்தில் நாமம் எப்படி இருக்கவேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் அவர்களுடைய சிஷ்யர்கள்!

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடியவை இரண்டு. பேதத்தை மறைக்க வேண்டியதில்லை. எண்ணிப் பட்டியல் எழுதலாம். எழுதிவிட்டால் அது பதினெட்டோடு நிற்கும்; எழுதாவிட்டால் பதினெட்டு நூற்றெண்பதாக வளரும். இரண்டாவது, தோல்வி நேர்ந்த வேளையில் அவரவர் கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் காப்பாற்ற வேண்டும். யார் செய்தது பெரிய காரியம் என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

காரணமா, குற்றவாளியா?

பரீட்சையில் தேறாத பையனை அழைத்துக்கொண்டு இரண்டு விதமான தகப்பனார்கள் நம்மிடம் வருவதுண்டு. ஒருவர், "யாரோடு சேர்ந்து இவன் கெட்டுப்போனான், சொல்லுங்கள்" என்பார். மற்றவர், "எந்தக் கணக்கில் தப்பு செய்தான், காட்டுங்கள்" என்பார். இரண்டாவது தகப்பனாரின் பிள்ளைதான் அடுத்த வருஷம் தேறுகிறான். முதலாமவர் குற்றவாளியைத் தேடுகிறார். இரண்டாமவர் காரணத்தைத் தேடுகிறார். குற்றவாளி அகப்பட்டால் கோபம் தீரும். கணக்கு அப்படியேதான் இருக்கும்.

தோற்ற கட்சியின் வாக்காளர்களுக்கும் இதுவே பொருந்தும். எந்தத் தெருவில் ஓட்டுக் குறைந்தது, அங்கே ஐந்து வருஷமாக யார் போனார்கள், ரேஷன் கடையிலும் குழாயடியிலும் ஜனங்கள் எதைப் பற்றிக் குறைப்பட்டுக் கொண்டார்கள், நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பவை காரணத்தைத் தேடும் கேள்விகள். "உன்னால்தான்" என்று ஆரம்பமாகும் வாக்கியம் எதுவும் அந்தப் பட்டியலில் சேராது. மேலும், ஒருவர் செய்த முடிவை, அவர் முடிவு செய்த நாளில் தெரிந்திருந்ததைக் கொண்டு எடை போட வேண்டும். ஓட்டு எண்ணிய நாளில் தெரிந்ததைக் கொண்டு அல்ல. முடிவு தெரிந்த பிறகு எல்லோருமே ஜோசியர்கள்தான்!

அப்படியானால் துரோகம் என்பதே உலகத்தில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காசு வாங்கிக்கொண்டு கட்சி மாறுவது துரோகந்தான். பதவிக்காகத் தொழிலாளியைக் காட்டிக் கொடுப்பதும் துரோகந்தான். அந்த வார்த்தை அவற்றுக்குத் தேவைப்படுகிறது. ஆகையினால்தான், எந்த அணியில் சேர்ந்தால் நல்லது என்று வேறு விதமாக நினைத்தவரின் மேல் அதை வீணாக்கக் கூடாது என்கிறோம்.

இதில் நமக்கு ஒரு சொந்தக் கவலையும் இருக்கிறது. நம் வகுப்புகளில் உட்காருகிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், இன்னும் ஓரிரு வருஷத்தில் ஓட்டுரிமை பெறப் போகிறவர்கள். அரசியல் என்றால் என்ன என்று அவர்கள் பாடப் புஸ்தகத்தில் படிப்பதைவிடக் கூடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதே அதிகம். தகப்பனாரும் சித்தப்பாவும் ஏழைகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னவர்கள், ஒரு தேர்தல் முடிந்ததும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை என்ன தெரிந்துகொள்ளும்? ஏழைகளைப் பற்றிய பேச்சு வெறும் பேச்சு, சண்டைதான் நிஜம் என்று தெரிந்துகொள்ளும். பிறகு எந்தக் கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அது வராது. தொகுதியை இழந்தால் ஐந்து வருஷத்தில் மறுபடி கேட்கலாம். அந்தப் பிள்ளையை இழந்தால் எப்போது கேட்பது?

ஆகவே, அபிப்பிராய பேதம் உள்ள வீடுகளுக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவுதான். விவாதம் தாராளமாக நடக்கட்டும். பிள்ளைகள் எதிரிலேயே நடக்கட்டும். வாதம் செய்து முடித்த பிறகு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் அவர்கள் பார்க்கட்டும். மறுநாள் சங்கத்துக்குச் சந்தா வசூல் செய்ய வேண்டியிருக்கும். தெருவில் யாரோ ஒரு விதவையின் பென்ஷன் மனு தாலுகா ஆபீஸில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மனுவை எழுப்புவதற்கு இருவரில் யார் போனாலும் சரி; இருவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. பெரியவருக்குத் தாலுகா ஆபீஸில் வழி தெரியும். இளையவருக்குக் கம்ப்யூட்டரில் வழி தெரியும்.